முதல் ஐம்பத்தைந்து ரவிக்கை

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாரம் முழுவதும் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக ஓடிய களைப்புத் தீர, காபி டம்ளரும் கையுமாக 'அப்பாடா' என்று உட்கார்ந்தேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வேறு யாருமில்லை, எங்கள் மாடிக் குடித்தனத்து அக்காதான். கழுத்தில் இஞ்ச் டேப், தோளில் குத்திய இரண்டு குண்டூசி, கையில் கைபேசி. அந்தக் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பார்த்தாயா? பஸ் போகிற ரோடு, கண்ணாடிக் கதவு! 'டூ லெட்' போர்டு நேற்றுச் சாயங்காலம்தான் மாட்டியிருக்கிறான்!"

அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த நாலு தெருவிலும் கல்யாணம் என்றால், முகூர்த்தப் பட்டு எடுத்த மறுநாளே பெண்ணைப் பெற்றவள் வந்து நிற்கும் இடம் அக்கா வீட்டு வாசல்தான். ஒன்பது வருஷமாக வீட்டுக் கூடத்திலேயே ரவிக்கை தைக்கிறாள். கூடம் என்றா சொன்னேன்? அந்தச் சோபாவில் மனிதர் உட்கார்ந்து வெகு காலம் ஆயிற்று. அதில் லைனிங் துணிதான் உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜை பகலில் துணி வெட்டும் மேஜை. போன தீபாவளிக்கு முதல் நாள் அவள் வீட்டுக்காரர் ரசத்திலிருந்து ஒரு ஹூக்கைப் பொறுக்கி எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனாராம்.

"திட்டியிருந்தால்கூடத் தேவலை" என்பாள் அக்கா.

அந்த ஹூக் அவள் மனத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது. கடை பார்க்க வேண்டும்! சின்னதாக இருந்தாலும் சரி, 'என் கடை' என்று சொல்லிக்கொள்ள ஓரிடம். அன்று காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நானும் அவளுடன் கிளம்பினேன். அன்று முதல் மூன்று வாரம் நாங்கள் அலைந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைத்தான் இந்த வாரம் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன். உங்களில் எத்தனையோ பேர் கூடத்திலும் சமையலறையிலும் ஒரு தொழிலை வளர்த்துவிட்டு, 'வெளியே ஒரு கடை எடுத்தால் என்ன?' என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள் அல்லவா?

கண்ணாடிக் கதவுக் கடை

கடை அழகாகத்தான் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. வழவழப்பான தரை, மேலே சாமான் வைக்க லாஃப்ட், முகப்பில் பெரிய கண்ணாடி. அக்கா உள்ளே நுழைந்ததுமே மெஷின் இங்கே, மேஜை அங்கே, பொம்மைக்கு உடுத்திய பட்டு ரவிக்கை கண்ணாடிக்குப் பின்னால் என்று மனத்துக்குள் குடித்தனம் வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் புரோக்கர் பார்த்தார். பார்த்ததுமே அவர் குரல் உயர்ந்துவிட்டது.

"வாடகை 15,000. பத்து மாசம் அட்வான்ஸ். அப்புறம் முன்னால் இருந்தவர் கண்ணாடி, ராக்கெல்லாம் போட்டிருக்கார், அதுக்கு ஒரு 40,000. எனக்கு வழக்கம்போல ஒரு மாச வாடகை. நேத்திலிருந்து மூணு பார்ட்டி வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க மேடம். இன்னைக்கே டோக்கன் கொடுத்துடுங்க."

அக்கா கைப்பையைத் திறந்தேவிட்டாள். நான் மெதுவாக அவள் புடவைத் தலைப்பை இழுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். கடை பார்க்கப் போகும்போது ஆசை முகத்தில் தெரியக்கூடாது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி பிரமாதம் என்று சொல்லிவிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்பார்களே, அந்த மாதிரி வந்துவிட வேண்டும். நாங்களும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தோம்.

"அட்வான்சுக்கு என்ன செய்வாய்?" என்று வழியில் கேட்டேன்.

அக்கா பேசவில்லை. முன்கையை நீட்டிக் காட்டினாள். நாலு வளையல். பிறந்த வீட்டில் போட்டது. "அடகு வைத்தால் ஒன்றரை லட்சம் தேறும்" என்றாள்.

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

பால் கணக்கு நோட்டில் ஒரு கணக்கு

அன்று மாலை அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். லைனிங் வைத்த ரவிக்கைக்கு அக்கா வாங்கும் கூலி 500 ரூபாய். அதில் லைனிங் துணி 90, நூலும் ஹூக்கும் 10, கையால் எம்மிங் செய்து தரும் அம்மாளுக்கு 60. ஆக 160 போனால் அக்காவுக்கு நிற்பது 340. மாதம் 60 ரவிக்கை தைக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்தே 20,400 ரூபாய் சம்பாதிக்கிறாள். ஒன்பது வருஷமாகத் தைப்பவள் இந்தத் தொகையை அன்றுதான் முதல் தடவையாக எழுதிப் பார்த்தாள்! 'கைச் செலவுக்கு வருகிறது' என்றே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தவள், "அடேயப்பா!" என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

இனிக் கடை. வாடகை 15,000. கரெண்ட் 1,400 ஆகலாம். தண்ணீர், பெருக்குகிறவளுக்கு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 17,000.

"அவ்வளவுதானே?" என்றாள் அக்கா.

அவ்வளவு இல்லை. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் அடகிலிருந்து வருகிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 1,500. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் வட்டி திரும்பி வருமா? வராது. ஆகவே அதுவும் வாடகையில்தான் சேர்த்தி. ஆக மாதம் 18,500 ரூபாய்.

இதை 340-ஆல் வகுத்தேன். 54 சொச்சம். முழு ரவிக்கையாகச் சொன்னால் 55.

"அக்கா, ஒன்றாம் தேதியிலிருந்து நீ தைக்கும் முதல் 55 ரவிக்கை கடைக்காக. 56-ஆவதிலிருந்துதான் உனக்கு" என்றேன்.

அக்கா பென்சிலை வாங்கித் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். இப்போது தைக்கும் 60-ஐயே அங்கே போய்த் தைத்தால் மாதம் முழுவதும் முதுகு ஒடியத் தைத்து, கையில் மிஞ்சுவது 1,900 ரூபாய். கூடத்தில் இருந்தால் 20,400!

வெகு நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

தொழில் எதுவானாலும் இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். பொடி, வடாம் விற்கிறவர்கள் பாக்கெட்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். டியூஷன் எடுக்கிறவர்கள் ஒரு குழந்தைக்கு எவ்வளவு என்று பாருங்கள். மாத வாடகையை ரூபாயாகப் பார்த்தால் மயக்கும். பாக்கெட்டாகவும் குழந்தையாகவும் எண்ணினால் மயக்கம் தெளிந்துவிடும். இன்னொன்றும் ஞாபகம் வேண்டும். முகூர்த்தமில்லாத மாதத்தில் தையல்காரிக்கு வேலை குறைவு. பரீட்சை முடிந்துவிட்டால் டியூஷன் இல்லை. ஆனால் வாடகைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. வேலை குறைந்த மாதத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கடை எதற்கு?

'அப்படியானால் கடையே வேண்டாம் என்கிறாயா?' என்று கேட்பீர்கள். அக்காவும் அதைத்தான் கேட்டாள். கடை வேண்டும். ஆனால் வீட்டைத் தேடி வருகிறவர்களே அங்கேயும் வருவதற்காக 18,500 கொடுப்பானேன்? வீட்டில் முடியாத ஒன்றைக் கடை செய்ய வேண்டும்.

"போன தை மாதம் எத்தனை பேரை 'இடமில்லை, நேரமில்லை' என்று திருப்பி அனுப்பினாய்?" என்று கேட்டேன்.

அக்கா விரல் விட்டு எண்ணினாள். மாதத்துக்கு முப்பது உருப்படிக்குக் குறையாது. அடுத்த தெருவில் தையல் கற்ற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு ரவிக்கைக்கு 150 கொடுத்தால் தைக்க வருவாள். அவளுக்கு ஒரு மெஷின் போடத்தான் கூடத்தில் இடமில்லை. அந்த ரவிக்கையில் அக்காவுக்கு 340 நிற்காது, 190 நிற்கும். இந்த 190-தான் கடையின் சம்பாத்தியம். கண்ணாடிக் கதவுக் கடையில் அந்தப் பெண் மாதம் 98 ரவிக்கை தைத்தால்தான் அக்கா பழைய நிலைக்கு வருவாள். அது நடக்கிற காரியமா?

ஆகவே, பாதி வாடகையில், பக்கத்துத் தெருவில் தேட ஆரம்பித்தோம். பஸ் போகிற ரோடு எல்லாத் தொழிலுக்கும் அவசியமில்லை. தாகத்துக்கு ஜூஸ் குடிக்கிறவர்கள் போகிற வழியில் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ரோடு வேண்டும். முகூர்த்த ரவிக்கைக்கு வருகிறவள் விலாசம் கேட்டுக்கொண்டு சந்துக்குள்ளும் வருவாள். உங்கள் கடைக்கு வருகிறவர் எந்த ஜாதி என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்: வழிப்போக்கரா, தேடி வருகிறவரா? தேடி வருகிறவர் என்றால் ரோட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

"கடைக்கா பாத்ரூம்?"

இரண்டாவது வாரம் ஐந்து கடை பார்த்தோம். அதற்குள் எங்களுக்குக் கொஞ்சம் கண் திறந்திருந்தது.

ஒரு கடையில் அக்கா கேட்டாள்: "பாத்ரூம் எங்கே?"

புரோக்கர் திகைத்துப்போனார். "கடைக்கா பாத்ரூம்? பத்தடி தள்ளி ஓட்டல் இருக்கு மேடம்."

காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை இரண்டு பெண்கள் ஓட்டலை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? கடை கட்டினவர்களுக்கும் கடை காட்டுகிறவர்களுக்கும் இந்த யோசனையே வருவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும், வெட்கப்படாமல் கேட்க வேண்டும். பொதுக் கழிவறை இருக்கிறது என்றால் சாவி யாரிடம், தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு கடையின் ஷட்டரை அக்காவையே தூக்கச் சொன்னேன். முக்கி முனகிப் பாதிதான் ஏறிற்று. தினம் இரண்டு தடவை யாரைக் கூப்பிடுவது?

மூன்றாவது கடை சுரங்கப்பாதைப் பக்கம். வாடகை ஆச்சரியமாகக் குறைவு. எதிரே டீக்கடைக்காரரிடம், "2015 டிசம்பர் மழையில் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டோம். அவர் பேசாமல் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். 2021 நவம்பருக்கு முழங்காலைத் தொட்டார். கஸ்டமர் பட்டுப்புடவை கீழ்த்தட்டில் இருக்கும்போது தண்ணீர் வந்தால் யார் பதில் சொல்வது? சென்னையில் கடை பார்க்கிறவர்கள் புரோக்கரிடம் வாடகையைக் கேட்கலாம். வெள்ளத்தை டீக்கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். சுவரின் கீழ்ப் பகுதியில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்த தெருவை இரவு எட்டு மணிக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, பக்கத்துக் கடைகள் எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள், நீங்கள் ஷட்டரைப் பூட்டும் நேரத்தில் அந்த முனையில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கரெண்ட் மீட்டரையும் கவனியுங்கள். வீட்டுக்கு ஒரு கட்டணம், கடைக்கு ஒரு கட்டணம். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கடைக்குக் கிடையாது. 'வீட்டு மீட்டரிலிருந்தே ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்துடறேன், பில் கம்மியா வரும்' என்று யாராவது அருமையாகச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். மின்வாரியத்தார் வந்து பார்த்தால் அபராதம் விழும். கடைக்கென்று தனி மீட்டர், வணிக இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே நல்லது.

வாடகையைச் சொன்னதும், "ஜி.எஸ்.டி. உண்டா?" என்று கேளுங்கள். சொந்தக்காரர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவராயிருந்தால், கடை வாடகைக்கு மேல் நூற்றுக்கு 18 ரூபாய் சேரும். 15,000 என்று சொன்னது 17,700 ஆகிவிடும். முதலிலேயே கேட்காதவர்கள் முதல் பில்லைப் பார்த்து மயக்கம் போட வேண்டியதுதான்.

கடை யாருடையது?

கண்ணாடிக் கதவுக் கடையின் பாக்கிக் கதையைக் கேளுங்கள். அக்காவுக்கு ஆசை முழுவதும் விட்டபாடில்லை. வாடகையைக் குறைக்கிறார்களா பார்க்கலாம் என்று மறுபடி போனாள். இந்தத் தடவை நான் சொல்லிக் கொடுத்தபடி, "சொத்து வரி ரசீதைக் காட்டுங்கள்" என்று கேட்டாள். ஒரு பேர் இருந்தது. கரெண்ட் கார்டிலும் அதே பேர். அட்வான்ஸ் வாங்கிக்கொள்ள வந்தவர் பேரோ வேறு!

விசாரித்தால், அவரும் ஒரு வாடகைக்காரர்! கடையை உள்வாடகைக்கு விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போக இருந்தார். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இது தெரியாது. அவர் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் உள்வாடகை செல்லாது. ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து நிஜச் சொந்தக்காரர் வந்து 'நீ யார்?' என்று கேட்டிருந்தால்? அந்த நாலு வளையலுக்கு அப்புறம் யாரிடம் போய் அழுவது?

சொத்து வரி ரசீது, கரெண்ட் கார்டு, வில்லங்கச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே கதை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். வெளியூரில் அல்லது வெளிநாட்டில் இருப்பவரின் கடை என்றால், வாடகைக்கு விடுகிறவரிடம் அவர் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். 'அண்ணன்தான், தம்பிதான்' என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாயிருக்கும், பத்திரத்துக்கு உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்னையில் 'பத்து மாச அட்வான்ஸ்' என்பதை ஏதோ மனுநீதி மாதிரி எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதென்றே சொல்லிற்று. சட்டம் புத்தகத்தில் இருந்தது, வழக்கம் தெருவில் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

அந்தச் சட்டம் போய், 2017-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இது வீட்டுக்கும் பொருந்தும், கடைக்கும் பொருந்தும். வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்ற அந்த வார்த்தைகளில்தான் எல்லாம் இருக்கிறது! பத்து மாதத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் சட்டம் ஒதுங்கி நின்றுகொள்ளும். ஆகவே பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். கடையைக் காலி செய்தால், பாக்கி போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையோ கரெண்டையோ நிறுத்தக் கூடாது. இவ்வளவும் நமக்கு அனுகூலம்.

ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ளவும் வேண்டும். 'பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு?' என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய சட்டம் இருப்பதால்தான் இந்தப் பதினோரு மாதம் பிறந்தது. வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு சமாச்சாரம். பதினோரு மாதத்துக்கும் அது உண்டு. கோயில் கடை, அரசாங்கக் கட்டடம் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு வேறு விதிகள்.

பேர் யாருடையது?

மூன்றாவது வாரம் அக்காவுக்குக் கடை கிடைத்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த குறுக்குத் தெரு. ஒன்பதுக்குப் பத்து அடி. கண்ணாடி கிடையாது. ஆனால் பின்னால் ஒரு கழிவறை, அதற்குச் சாவி, மேலே டாங்க்கிலிருந்து தண்ணீர். அக்கா ஒரு கையால் ஷட்டரைத் தூக்கிக் காட்டினாள்! சொந்தக்காரர் ரிடையரான பள்ளிக்கூட வாத்தியார். வாடகை 8,000. நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்த கடை என்பதை டீக்கடையில் தெரிந்துகொண்டு போனதால், ஐந்து மாத அட்வான்ஸை மூன்றாகக் குறைக்கச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வந்தது. ராக் அடிக்கவும் பெயிண்ட் அடிக்கவும் பதினைந்து நாள் வாடகை இல்லாமல் கேட்டோம்; பெரியவர் சரியென்றார். கேட்டால் கிடைக்கிறது; கேட்காததனால் எத்தனை போயிருக்கும்!

அட்வான்ஸ் 24,000. அக்காவின் சேமிப்பிலேயே இருந்தது. வளையல் கையிலேயே இருந்தது.

மறுபடி பால் கணக்கு நோட்டு. வாடகை 8,000, கரெண்ட் 1,100, மற்றவை 300. மொத்தம் 9,400. அதாவது 28 ரவிக்கை. அக்காவின் 60-இல் இது போக 11,000 நிற்கும். உதவிக்கு வரும் பெண் மாதம் 30 தைத்தால் 5,700. ஆக 16,700. வீட்டில் இருந்ததைவிட 3,700 குறைவு! அந்தப் பெண் 50 தைக்கிற மாதத்தில்தான் பழைய வருமானம் திரும்பும். ஆறு மாதத்துக்கு இந்தக் குறையைத் தாங்க 22,200 ரூபாயைத் தனியாக பாங்கில் போட்டுவிட்டுத்தான் அக்கா சரி சொன்னாள். நஷ்டத்தை முன்கூட்டியே எண்ணி எடுத்து வைத்துவிட்டால் அது நஷ்டமாகத் தோன்றாது பாருங்கள், செலவாகத்தான் தோன்றும்.

ஒப்பந்தம் தட்டச்சாகி வந்தது. எல்லாரும் பெரியவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். அக்கா வரி விடாமல் படித்தாள். வாடகை உயர்வு வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து. காலி செய்ய இரு தரப்பிலும் மூன்று மாத நோட்டீஸ். அவள் அடிக்கும் ராக், விளக்கு எல்லாம் போகும்போது அவளே எடுத்துக்கொள்ளலாம். வாசலுக்கு மேல் பெயர்ப் பலகைக்கு இடம் உண்டு. எல்லாம் சரி. முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள்.

"இதில் என் பேர் எங்கே?"

வாடகைதாரர் என்ற இடத்தில் அவள் வீட்டுக்காரர் பேர் இருந்தது.

புரோக்கர் சிரித்தார். "சார் பேர்ல இருந்தா ஓனருக்கு ஒரு தைரியம் மேடம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. கடையை நடத்தப் போறது நீங்கதானே, பேர்ல என்ன இருக்கு?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்து, "ஐயா, மாசா மாசம் வாடகை நான்தான் தரப்போகிறேன். என் கணக்கிலிருந்துதான் வரும்" என்றாள்.

கூடத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அவள் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ரசத்தில் ஹூக் கிடந்தபோதும் வாய் திறக்காத மனிதர்! "எனக்கு ஒரு ஹூக்கூடத் தைக்கத் தெரியாதுங்க. அவள் பேரிலேயே அடிச்சுக் கொண்டு வாங்க" என்றார்.

"அதுதானே நியாயம்" என்றார் பெரியவர்.

பேரில் என்ன இருக்கிறது? சொல்கிறேன். தொழிலுக்கென்று பாங்கில் நடப்புக் கணக்குத் திறக்க, கடன் கேட்க, மாநகராட்சி லைசென்ஸ் வாங்க எங்கே போனாலும், 'தொழில் நடக்கும் இடத்துக்கு அத்தாட்சி எங்கே?' என்பார்கள். இந்தக் காகிதம்தான் அத்தாட்சி. அட்வான்ஸ் திரும்பி வரும்போது காகிதத்தில் பேர் இருப்பவர் கைக்குத்தான் வரும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ நோட்டீஸ் கொடுக்கவோ உரிமை அவருக்குத்தான். வீட்டுக்காரர் தங்கமானவராகவே இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். உழைப்பு உங்களுடையது, வாடகை உங்களுடையது என்றால் பேரும் உங்களுடையதாக இருப்பதில் யாருக்கு என்ன குறை? உலகத்தில் எத்தனையோ பெண்கள் சம்பாதித்த கடைகளுக்கு வேறு யார் யாரோ முதலாளிகளாக இருக்கிறார்கள். அதெல்லாம் ஏதோ பெரிய சதியினால் நடந்ததல்ல. தட்டச்சு செய்கிறவர் வழக்கப்படி அடித்துக்கொண்டு வந்ததை நாம் முதல் பக்கம் படிக்காமல் கையெழுத்துப் போட்டதனால் நடந்தது.

கடை திறந்து மூன்று மாதமாகிறது. பெயர்ப் பலகையில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் சிறிதாகவும் இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துக் கடை விதிகளிலேயே தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. போன வாரம் ஆபீசிலிருந்து திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். பால் கணக்கு நோட்டு அங்கே வந்துவிட்டது. ஒரு பக்கத்தில் அக்காவின் ரவிக்கைகள். 28-க்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் '14-ஆம் தேதி' என்று எழுதியிருந்தது.

"கோட்டுக்கு மேலே வாத்தியாருக்கு, கோட்டுக்குக் கீழே எனக்கு" என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. வளையல் நாலும் மெஷின் ஓடும் சத்தத்தோடு சேர்ந்து குலுங்கின.

எதிர்ப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கணக்கு. போன மாதம் 41. இன்னும் ஒன்பது.

மாடியில் சோபாவில் இப்போது மனிதர்கள் உட்காருகிறார்கள்.